மலையில் பதினொன்றாம் வகுப்பு: எந்த குரூப், எந்தப் பள்ளி?

17 மே 2025, கேள்வி
கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (மலைக் கிராமம்) ஓர் அப்பா

நேற்று பத்தாவது ரிசல்ட் வந்தது. மகளுக்கு 418. கணக்கில் 71, அறிவியலில் 88. ஸ்கூலில் பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். அவளுக்குக் கணக்கு என்றால் பயம், பியூர் சயின்ஸ் போதும் என்கிறாள். காமர்ஸ் எடுத்தால் பேங்க் வேலை என்கிறான் என் தம்பி. இப்போது படிக்கும் அரசுப் பள்ளியில் பத்து வரைதான். அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பேசாமல் மேட்டுப்பாளையத்தில் ஹாஸ்டல் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்றும் யோசனை. எது நல்ல குரூப்?

17 மே, மாலை, பதில்

அண்ணா, குரூப் பேச்சு கொஞ்சம் இருக்கட்டும். மேட்டுப்பாளையம் ஹாஸ்டலுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் அவளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020ல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். அதில் இடம் கிடைத்தால் கல்லூரிச் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். பதினொன்றில் தனியாருக்குப் போனால் இதுவரை படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது.

அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இந்த ஒதுக்கீடு கிடையாது. இதை நம் நீலகிரி மாவட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பழைய மிஷன் பள்ளிகள் நிறைய. "எய்டட்தானே, கவர்ன்மென்ட் மாதிரித்தான்" என்று சேர்த்துவிட்டு, கவுன்சலிங் சமயத்தில் தெரிந்துகொண்டு அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். அட்மிஷன் மேசையில் உட்காருகிறவள்.

17 மே, இரவு

இப்போது குரூப்.

பயோ-மேத்ஸில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல். பியூர் சயின்ஸில் கணிதம் இல்லை, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடம். காமர்ஸில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், நான்காவதாகப் பள்ளியில் இருப்பதைப் பொறுத்து வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ வரலாறோ. இவை போகத் தொழிற்கல்விப் பிரிவுகள். இது எல்லாருக்கும் தெரியும். எது எதை அடைக்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

கணிதத்தை விட்டால் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வு போய்விடும். அங்கே கட்-ஆஃப் 200க்கு. அதில் கணிதம் மட்டும் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. +2வில் ஒரு பிள்ளை கணிதம் 70, இயற்பியல் 80, வேதியியல் 84 எடுத்தால் 70, 40, 42, ஆக 152. தமிழும் ஆங்கிலமும் உயிரியலும் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. பி.ஆர்க்.குக்கும் கணிதம் வேண்டும். இயற்பியல் பி.எஸ்ஸி.க்கும் பெரும்பாலும் வேண்டும், துணைப்பாடமாகக் கணிதம் வருவதால். வணிகக் கணிதம் படித்தேன், அது போதாதா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். பொறியியலுக்குப் போதாது.

உயிரியலை விட்டால் நீட், நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் போய்விடும். பார்மசி மட்டும் விதிவிலக்கு. பி.பார்ம்.முக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ எது இருந்தாலும் சேரலாம்.

வேதியியலையும் இயற்பியலையும் விட்டால் மேலே சொன்ன எதுவுமே இல்லை. பயோ-மேத்ஸ் படித்தவள் நாளைக்கு பி.காம். போகலாம், பி.ஏ. தமிழ் போகலாம், சட்டம் போகலாம். காமர்ஸ் படித்தவள் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு வர முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தெரியாதபோது எதையும் அடைக்காத குரூப்பை எடுப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

71 மோசமான மார்க் இல்லை அண்ணா. பயம் வேறு, வராமல் இருப்பது வேறு. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

18 மே

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் இருக்கிறாரா? குரூப் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, முதுகலைக் கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்பது.

என் அம்மா டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர். தாத்தா பாட்டி கண்டியிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அந்தத் தேயிலைத் தோட்டங்களையே ஆரம்பித்தார்கள். பந்தலூர் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு. மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் மேடு சரியும். ஒரு வருடம் ஓர் இன்ஜினியர் வந்து, தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை எங்கெங்கே விட வேண்டும் என்று மேஸ்திரிக்குச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தார். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அந்த அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அன்றிலிருந்து எனக்கு சிவில் இன்ஜினியரிங் ஆசைதான்.

நான் போய்ச் சேர்ந்த பள்ளியில் போர்டில் முதல் குரூப், அதாவது பயோ-மேத்ஸ், இருந்தது. கணக்குக்கு ஆள் இல்லை. "வருவார்கள், வருவார்கள்" என்றார்கள். முந்தைய செட் பிள்ளைகள் டியூஷன் போய்த்தான் பாஸ் செய்தார்கள் என்று பக்கத்து லைன் அக்கா சொன்னார். டியூஷனுக்கு கூடலூர் போக வேண்டும், திரும்பி வரும்போது இருட்டிவிடும், ரோட்டில் யானை நிற்கும். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். பியூர் சயின்ஸ் எடுத்தேன்.

எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. தாவரவியல் பிடித்துப் போனது உண்மை, இன்று சோறு போடுவதும் அதுதான். ஆனால் என்னைத் தேர்ந்தெடுக்க விடவில்லை. காலியான ஒரு பணியிடமும் மாலை பஸ்ஸும் எனக்காகத் தேர்ந்தெடுத்தன. மலையில் நிறையப் பிள்ளைகளுக்கு இன்றும் அப்படித்தான் நடக்கிறது. ஆர்வம், திறமை, வேலைவாய்ப்பு என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்து பேசும் ஆலோசனைகள் எல்லாம் நாலு குரூப்பும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறவர்களுக்கானவை.

அதனால் அண்ணா, இந்த வாரமே நேரில் போங்கள். ஹெச்.எம்.மைப் பார்க்கும் முன் கேட்டில் நிற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள்: கணக்கு யார் எடுக்கிறார்கள், போன வருடம் எப்போதிலிருந்து எடுத்தார்கள், லேபுக்கு வாரம் எத்தனை தடவை போகிறீர்கள் என்று. பிள்ளைகள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

கணக்கு டீச்சர் நிரந்தரமாக இருந்தால் பயோ-மேத்ஸ். இல்லையென்றால் மகள் கேட்கும் பியூர் சயின்ஸ்.

19 மே

"பியூர் சயின்ஸ் எடுத்தால் நீட், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று குன்னூர்த் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம்.

கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களில் நீட் கிடையாது, +2 மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். கோவை வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கும் +2 மதிப்பெண்தான். மேட்டுப்பாளையத்தில் அதே பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது, பி.எஸ்ஸி. வனவியல். நம் மலையடிவாரத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் பலர் அதன் பேரைக் கேட்டதில்லை. இந்திய வனப்பணித் தேர்வு எழுத தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், வேளாண்மை, வனவியல், பொறியியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். ஐ.ஏ.எஸ். எழுத எந்தப் பட்டமும் போதும், வனப்பணிக்குப் போதாது. முதுமலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை பி.காம். முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது?

வனக்காப்பாளர் வேலைக்கும் இதே கதை. +2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது படித்திருக்க வேண்டும். இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வோடு சேர்த்து எடுக்கிறார்கள். அப்புறம் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 16 கிலோமீட்டரும் நடக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த நடை ஒரு பொருட்டே இல்லை. தடுக்குவது குரூப்பில்தான். என்னிடம் படித்த ஒரு பணியர் பழங்குடிப் பையன், காட்டில் காலடித் தடத்தைப் பார்த்தே எந்த மிருகம், எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்வான். வரலாறு குரூப்பில் இடம் இருக்கிறது என்று அங்கே போட்டிருந்தார்கள். அவனைக் கூப்பிட்டுப் பேசி பியூர் சயின்ஸுக்கு மாற்றினோம்.

19 மே, இன்னும் கொஞ்சம்

பியூர் சயின்ஸ் சுலபம் என்று நினைத்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பிராக்டிகலில் தண்டை எடுத்துப் பிளேடால் குறுக்கே சீவச் சொல்வேன். வாட்ச் கிளாஸில் தண்ணீர், அதில் சீவல்கள் மிதக்கும். பிள்ளைகள் பெரிதாகச் சீவியதைத்தான் ஆசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெறும் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத, ஓரம் கிழிந்த ஒரு சீவலைப் பிரஷ்ஷில் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் ஒரு நிமிடம் விட்டு, கழுவி வைத்தால் தண்ணீர் கடத்தும் சைலம் சிவப்பாக வரிசை வரிசையாக எழுந்து வரும். அந்தச் சீவலுக்கு ஒரு மாதம் கை பழக வேண்டும். இதில் பொறுமை இருக்கும் பிள்ளைக்கு அது நல்ல குரூப். கணக்கிலிருந்து தப்பிக்க மட்டும் வந்த பிள்ளை இயற்பியலில் மாட்டிக்கொள்ளும், அங்கேயும் கணக்குதான்.

21 மே

காமர்ஸ் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு தங்கை கோபித்திருக்கிறார். நியாயமான கோபம்.

மார்க் குறைந்தவர்களை எல்லாம் காமர்ஸில் தள்ளுவது பள்ளிகள் செய்யும் அநியாயம். கணக்குப்பதிவியல் விளையாட்டுப் பாடம் இல்லை. பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனை +2 முடித்த யாரும் எழுதலாம். அதை எழுதாமல் பட்டத்துக்குப் பின் நேராகச் சேர பி.காம்.காரர்களுக்கு 55 சதவீதம் வேண்டும், மற்றப் பட்டதாரிகளுக்கு 60. பிடித்து எடுக்கிற பிள்ளைக்கு அது ராஜபாட்டை.

ஆனால் கேள்வி கேட்ட அண்ணாவின் தம்பி சொல்லும் காரணம் சரியில்லை. பேங்க் கிளார்க் தேர்வுக்கும் ஆபீசர் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் என் செட்டிலேயே உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2வும் பெரும்பாலும் அப்படித்தான். சட்டக் கல்லூரியின் ஐந்து வருடப் படிப்புக்கும் ஓட்டல் நிர்வாகத்துக்கும் எந்த குரூப்பும் போதும். ஆக பேங்குக்காக என்று காமர்ஸ் எடுக்க வேண்டாம், காமர்ஸ் பிடித்தால் எடுக்கட்டும்.

காமர்ஸ் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் ஆசை வருகிறவர்களுக்கு ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது, 2020ல் அறிவித்தது. +2 எந்த குரூப்பிலும் முடித்திருக்கலாம், பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். அதில் வரும் கணக்கு லேசானது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

22 மே

வெலிங்டனிலிருந்து ஒரு முன்னாள் ராணுவ சார் நல்ல தகவல் கொடுத்தார். தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். 2021லிருந்து பெண்பிள்ளைகளும் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள் என்பதை நான் சேர்க்கிறேன்.

ஆனால் சார், அந்தத் தேர்வில் பாதி நேரம் கணக்குத் தாளுக்கே போகிறது. தரைப்படைக்குத்தானே என்று கணிதத்தை விட்ட பிள்ளை அந்தத் தாளை எப்படி எழுதும்?

25 மே

கணக்கு எதற்கு என்று அண்ணாவின் மகளே கேட்டாளாம். கண்ணு, இது உனக்கு.

முத்தோரைக்குப் போயிருக்கிறாயா? பாலாடா தாண்டி, மலைச்சரிவில் ரேடியோ டெலஸ்கோப் நீளமாகப் படுத்திருக்கும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டி, 1970ல் வேலை செய்யத் தொடங்கியது. அதை ஏன் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் தெரியுமா? ஊட்டி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில். வடக்கு தெற்காக ஓடி, சரியாக அதே 11 டிகிரி சாய்ந்திருக்கும் ஒரு சரிவைத் தேடினார்கள். அந்தச் சரிவில் நீளவாக்கில் படுக்கவைத்தால் டெலஸ்கோப்பின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் அந்த ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் வானத்தில் ஒரே பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். ஒரு கோணம் சரியாக அமைந்ததால் இவ்வளவு பெரிய இரும்புக்கு ஒரே ஒரு அசைவு போதும் என்றாகிவிட்டது. உன் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் முக்கோணவியல்தான்.

தேயிலைச் சரிவில் வளர்ந்த உனக்குச் சாய்வும் கோணமும் காலுக்கே தெரியும். பேப்பரில் வரும்போதுதான் பயம். அந்தப் பயம் ஒரு நல்ல டீச்சர் கையில் போய்விடும்.

26 மே

17ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். எதையும் அடைக்காத குரூப் என்று பயோ-மேத்ஸைச் சொன்னேன். அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் எழுத வேண்டும்.

ஆறு பாடம். அதில் உயிரியல் என்பது தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு டீச்சர், இரண்டு ரெக்கார்டு நோட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மாலை சிறப்பு வகுப்பு வைப்பார்கள். ஐந்தரைக்கு விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஆறு, ஹட்டி ஸ்டாப்பில் இறங்க ஏழு. டிசம்பரில் ஏழு மணிக்கு மேடு முழுக்கப் பனி மூடியிருக்கும். கோத்தகிரிப் பக்கம் கரடி, காட்டுமாடு. மெயின் ரோட்டிலிருந்து தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் பிள்ளை தனியாக நடந்து வர முடியாது. யாராவது டார்ச்சோடு போய் நிற்க வேண்டும். இலை பறித்துவிட்டு வந்த அம்மாவா, அப்பாவா, யார் போவது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். பதினொன்றில் ஆர்வமாகச் சேர்ந்து, இந்த ஒரு காரணத்தால் சிறப்பு வகுப்பை விட்டுவிட்டு, கடைசியில் மார்க் விழுந்த பெண்பிள்ளைகள் எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் மக்குப் பிள்ளைகள் இல்லை.

பள்ளிகளும் இதை யோசிக்க வேண்டும். மலைப் பள்ளியில் சிறப்பு வகுப்பைக் காலையில் வையுங்கள் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். சில இடங்களில் கேட்கிறார்கள்.

2 ஜூன்

பள்ளி திறந்தாயிற்று. அட்மிஷன் மேசையிலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

இன்று ஓர் அம்மா வந்தார். மார்க் ஷீட் பிளாஸ்டிக் கவரில், ரேஷன் கார்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். பையன் பக்கத்தில் நிற்கிறான். படிவத்தில் குரூப் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். "நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்க டீச்சர்" என்றார். பையனிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை கேட்டதும், வயரிங் என்றான். லைன் வீடுகளில் பல்பு போனால், பியூஸ் போனால் அவன்தானாம்.

கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. குன்னூர் அரசு ஐ.டி.ஐ. விவரத்தையும் பாலிடெக்னிக் விவரத்தையும் எழுதிக் கொடுத்தேன். பத்தாவதுக்குப் பின் மூன்று வருட டிப்ளமோ. அதை முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம். ஐ.டி.ஐ. முடித்தால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம். +2 கணிதமே இல்லாமல் இன்ஜினியர் ஆகும் வழி இது. என் தம்பி இப்படித்தான் சிவில் முடித்தான். எனக்கு இந்த வழியைச் சொல்ல அப்போது யாரும் இல்லை, அதனால் இன்று வருகிறவர்களிடம் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

இப்படிச் சொன்னால் பள்ளியில் எண்ணிக்கை குறையும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். குறையட்டும்.

8 ஜூன்

மீடியம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பத்து வரை தமிழ் வழி, பதினொன்றில் இங்கிலீஷ் மீடியம் மாறினால் கல்லூரியில் கஷ்டப்படாதா என்று.

மாறும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, 2010ஆம் ஆண்டுச் சட்டம். 2020ல் அதைத் திருத்தினார்கள். வேலைக்கு என்ன கல்வித் தகுதியோ அதுவரை எல்லா வகுப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டம் கேட்கும் வேலை என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை. நடுவில் பதினொன்று, பன்னிரண்டை மட்டும் ஆங்கிலத்தில் படித்தால் பட்டப்படிப்பு அளவிலான வேலைகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும்.

அறிவியல் குரூப்பில் டாக்டருக்கோ இன்ஜினியருக்கோ போவது உறுதி என்றால் மாறுவதில் நியாயம் இருக்கிறது. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் தமிழ் வழியிலேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு பாடத்திலும் ஆங்கிலக் கலைச்சொற்களைத் தனி நோட்டில் எழுதிப் பழகட்டும். என் வகுப்பில் ஒளிச்சேர்க்கை என்று எழுதும்போதே பக்கத்தில் போட்டோசிந்தசிஸ் என்றும் எழுதிப் போடுவேன். கல்லூரி முதல் வருடத்தில் அது கைகொடுக்கிறது என்று பழைய பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள்.

15 ஜூன்

சேர்ந்து இரண்டு வாரம் ஆனதும் "குரூப் மாற்ற முடியுமா" என்று கேட்கிறார்கள். முதல் சில வாரங்களில், இடம் இருந்தால், ஹெச்.எம். மாற்றித் தருவது வழக்கம். தள்ளிப்போடாதீர்கள். தோழி அந்த வகுப்பில் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் மாறாதீர்கள்.

29 ஜூன்

கேள்வி கேட்ட அண்ணா எழுதியிருந்தார். இரண்டு பஸ் போகும் பள்ளியில் கணக்குக்கு நிரந்தர டீச்சர் இருக்கிறாராம், மகள் பயோ-மேத்ஸில் சேர்ந்துவிட்டாள். நல்லது. ஒரு மாதம் கழித்துக் கணக்கு நோட்டைப் பாருங்கள் அண்ணா. மார்க் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், வீட்டுக் கணக்கைத் தானே போடுகிறாளா, பார்த்து எழுதுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

கூடவே கேட்டிருந்தார், டாக்டர் ஆக ஆசை வந்தால் என்ன செய்வது என்று. இதே குரூப்பில் நீட் எழுதலாம். ஊட்டியிலேயே 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 150 இடங்கள். நீட் மொத்தம் 720, அதில் உயிரியல் மட்டும் 360. கணிதம்-கம்ப்யூட்டர் எடுத்துவிட்டு இப்போது மனம் மாறுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. +2 முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. சுற்று வழிதான், ஆனால் அடைபட்ட வழி இல்லை.

9 ஆகஸ்ட்

நேற்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியாயிற்று. இந்த வருடத்திலிருந்தே பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. காலையிலிருந்து பிள்ளைகள் முகத்தில் ஒரே சந்தோஷம். எனக்கும் ஒரு பக்கம் நிம்மதி, மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிஞ்சு வயதுக்குப் பாரம்தான்.

ஆனால் 2017-18ல் அந்தத் தேர்வை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. அந்தப் பிள்ளைகள் கல்லூரி முதல் வருடத்தில் தடுமாறினார்கள். இப்போது திரும்பவும் அது தலைதூக்கும் என்று பயமாக இருக்கிறது. குறிப்பாக பஸ்ஸுக்கு நேரம் போகும், டீச்சர் பற்றாக்குறை உள்ள மலைப் பள்ளிகளில்.

பெற்றோர்கள் கவனியுங்கள். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் கேள்விகள் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வரும். செல், உயிரியல் வகைப்பாடு, மனித உடலியங்கியல் எல்லாம் பதினொன்றில்தான். கணிதத்தில் முக்கோணவியலைப் பதினொன்றில் விட்டால் பன்னிரண்டில் வகை நுண்கணிதம் தொண்டையில் நிற்கும். அரையாண்டு வரும்போது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை நடத்தத் தொடங்கிவிட்டார்களா என்று பள்ளியில் போய்க் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் கேளுங்கள்.